மேலே சதவீதம், கீழே ரூபாய்: அரசு நிறுவனங்களில் போனஸுக்கு உச்சவரம்பு எப்படி வேலை செய்கிறது?

காலை எட்டரை மணி. பொம்மனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷனில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகும் ரயிலுக்காக நிற்கிறீர்கள். கீழே ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸ் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் வேக வேகமாக நடக்கிறார்கள். உங்கள் போனில் எச்.ஆர். அனுப்பிய மெயில்: இந்த வருஷம் உங்களுக்கு வேரியபிள் பே 82 சதவீதம். கம்பெனியின் ரேட்டிங் ஒன்று, டீமின் ரேட்டிங் ஒன்று, உங்கள் ரேட்டிங் ஒன்று. மூன்றையும் பெருக்கிக் கூட்டி ஒரு எண் வந்திருக்கிறது. "இதை யார் முடிவு பண்றாங்க?" என்று மனசுக்குள் ஒரு கேள்வி வரும். ரயில் வந்ததும் அதை மறந்துவிடுவீர்கள்.

இதே பெங்களூருவில், கிட்டத்தட்ட இதே மாதிரி கணக்கில் வருடாந்திர ஊக்கத்தொகை வாங்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது: எச்ஏஎல், பிஇஎல், பிஇஎம்எல் போன்ற மத்திய பொதுத்துறை நிறுவனங்களின் அதிகாரிகள். ஒரே ஒரு வித்தியாசம். உங்கள் கம்பெனி தலைவருக்கு எவ்வளவு போனஸ் என்பதை அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் பங்குதாரர்களும் பார்த்துக்கொள்வார்கள். அரசு நிறுவனத்தின் தலைவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை டெல்லியிலிருந்து வரும் ஓர் உத்தரவு சொல்கிறது. அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு அரசிடம் இருக்கிறது. அதாவது, உங்களுக்கும் எனக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த உச்சவரம்பு எவ்வளவு? அது உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறதா? கீழே இருக்கும் ஊழியருக்கும் இதே மாதிரி ஒரு வரம்பு இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'அரசு உயரதிகாரி' என்றால் யார்?

இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம். ஓர் ஐஏஎஸ் அதிகாரி, மத்திய அரசின் செயலாளராகவே இருந்தாலும், போனஸ் வாங்குவதில்லை. மத்திய அரசு ஊழியர்களில் போனஸ் என்பது கீழ்நிலை, நடுநிலை ஊழியர்களுக்கானது. 2008-ல் நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது ஊதியக் குழு செயல்திறன் சார்ந்த ஊக்கத்தொகையைப் பரிந்துரைத்தது. 2015-ல் நீதிபதி ஏ.கே.மாத்தூர் தலைமையிலான ஏழாவது குழுவும் அதையே திரும்பச் சொன்னது. அணுசக்தி, விண்வெளி போன்ற சில துறைகளைத் தாண்டி அது பரவவில்லை.

ஆகவே, 'அரசு உயரதிகாரிகளின் போனஸ்' என்று இந்தியாவில் பேசினால், அது பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பற்றியது. ஒன்று, மத்திய பொதுத்துறை நிறுவனங்கள். இரண்டு, பொதுத்துறை வங்கிகள்.

பொதுத்துறை நிறுவனங்களில் இதற்குப் பெயர் செயல்திறன் சார்ந்த ஊதியம். அலுவலக வழக்கில் 'பிஆர்பி'. விதிகளை எழுதுவது பொது நிறுவனங்கள் துறை. 2021-லிருந்து அது நிதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது.

200 சதவீதம் எப்படி 150 ஆனது?

நீதிபதி எம்.ஜகன்னாத ராவ் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2008 நவம்பர் 26-ல் ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் வரைதான் பிஆர்பி என்று அது வரையறுத்தது. இளநிலை அதிகாரிகளுக்கு 40 சதவீதம். படிப்படியாக ஏறி, பொது மேலாளர், செயல் இயக்குநர் மட்டத்தில் 70 சதவீதம். பெரிய நிறுவனங்களின், அதாவது 'ஏ', 'பி' பட்டியலில் உள்ளவற்றின், இயக்குநர்களுக்கு 150. தலைவர் மற்றும் மேலாண் இயக்குநருக்கு, நாம் சிஎம்டி என்று சொல்பவருக்கு, 200 சதவீதம்.

பத்து வருடம் கழித்து நீதிபதி சதீஷ் சந்திரா குழு வந்தது. 2017 ஆகஸ்ட் 3-ல் வெளியான புதிய உத்தரவில் கீழ்மட்டம் அப்படியே 40-லிருந்து 70 வரை இருந்தது. மேல்மட்டத்தில் மட்டும் கத்தரி விழுந்தது: அதே பெரிய நிறுவனங்களில் இயக்குநருக்கு 150 என்பது 125 ஆனது, சிஎம்டி-க்கு 200 என்பது 150 ஆனது.

செய்தியாகப் படித்தால், 'போனஸைக் குறைச்சுட்டாங்க' என்றுதான் தோன்றும். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எந்தத் தொகையின் சதவீதம் என்று கேட்கணும்.

கால்குலேட்டரை எடுங்கள்

2007 ஊதிய விகிதத்தில் 'ஏ' பட்டியல் சிஎம்டி-யின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 80,000 ரூபாய். வருடத்துக்கு 9.6 லட்சம். அதில் 200 சதவீதம் என்றால் 19.2 லட்சம்.

2017 விகிதத்தில் அதே பதவியின் தொடக்கம் மாதம் 2,00,000 ரூபாய். வருடத்துக்கு 24 லட்சம். அதில் 150 சதவீதம் 36 லட்சம்.

சதவீதம் குறைந்தது, ரூபாய் கூடியது. உச்சவரம்பு 19.2 லட்சத்திலிருந்து 36 லட்சமாக, அதாவது 87.5 சதவீதம் உயர்ந்தது.

அப்போ கண்துடைப்பா? அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பத்து வருடத்தில் விலைவாசியும் ஏறியது. பொதுத்துறை அதிகாரிகளுக்கான அகவிலைப்படி 2017 ஜனவரி 1 அன்று 119.5 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அந்த அளவுகோலில், விலைவாசி ஏறிய வேகத்துக்கு சிஎம்டி-யின் போனஸ் உச்சவரம்பு ஏறவில்லை. வாங்கும் சக்தியில் பார்த்தால் உண்மையாகவே குறைந்திருக்கிறது.

இப்போது அதே நிறுவனத்தில் ஓர் இளம் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். இ-2 கிரேடு. 2007 விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். 40 சதவீதக் கணக்கில் வருடத்துக்கு அதிகபட்சம் 98,880 ரூபாய். 2017 விகிதத்தில் தொடக்கம் 50,000 ரூபாய், அதிகபட்சம் 2.4 லட்சம். உயர்வு சுமார் 143 சதவீதம். இவருடைய வரம்பு விலைவாசியைத் தாண்டி ஏறியிருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007 விகிதத்தில் சிஎம்டி-யின் அதிகபட்ச போனஸ், இளம் இன்ஜினியருடையதைப் போல 19 மடங்குக்கு மேல். 2017 விகிதத்தில் 15 மடங்கு. ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் இருவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி 4 மடங்குதான். சம்பளத்தில் 4 மடங்கு, போனஸில் 15 மடங்கு. அரசு நிறுவனத்தில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் போனஸ் வழியாகத்தான் உருவாகிறது. அதனால்தான் இந்த ஒரு சதவீதத்தைச் சுற்றி இவ்வளவு பேச்சு.

ஒன்றை மறக்க வேண்டாம்: இவை உச்சவரம்புகள். கைக்கு வரும் தொகை இல்லை. கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு கதவுகளைத் தாண்டணும்.

முதல் கதவு: லாபத்தில் 5 சதவீதம்

ஒரு நிறுவனம் தன் எல்லா அதிகாரிகளுக்கும் சேர்த்துத் தரும் பிஆர்பி, அந்த வருட லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை 'கிட்டி' என்பார்கள். எல்லாரும் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒரே பொதுப் பை.

2017 விதிப்படி அந்தப் பையின் 65 சதவீதம் இந்த வருட லாபத்துக்கு. மீதி 35 சதவீதம் போன வருடத்தைவிட லாபம் கூடியிருந்தால் மட்டும். உதாரணமாக, ஒரு நிறுவனத்தின் லாபம் 900 கோடியிலிருந்து 1,000 கோடியாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பை 50 கோடி. எல்லா அதிகாரிகளுக்கும் முழு வரம்புப்படி கொடுக்க 65 கோடி தேவை என்றால்? ஒவ்வொருவருக்கும் சுமார் 77 சதவீதம்தான். சிஎம்டி-க்கும் அதே வெட்டு, புதிதாகச் சேர்ந்தவருக்கும் அதே வெட்டு.

லாபம் தலைகீழாக, 1,000 கோடியிலிருந்து 900 கோடியாகக் குறைந்தால், 35 சதவீதப் பகுதியே கிடையாது. பை 29.25 கோடியாகச் சுருங்கும். லாபம் பத்து சதவீதம் குறைந்தால், போனஸ் பை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைகிறது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தில் பையே இல்லை.

ஆக, லாபம் அள்ளித் தரும், அதிகாரிகள் குறைவாக உள்ள நிறுவனத்தில் 150 சதவீதம் என்ற எண்தான் தடுப்புச்சுவர். லாபம் குறைவு, ஆட்கள் அதிகம் என்றால் அந்த 150-க்கு வேலையே இல்லை. 5 சதவீதம்தான் உண்மையான வரம்பு.

எந்த லாபம்?

இதுதான் உண்மையான சண்டை. அரசு நிறுவனங்கள் பலவற்றிடம் ரொக்கம் குவிந்து கிடக்கும். பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்து கொடுக்கும் நிறுவனமாக இருந்தால், ஆர்டருக்கு முன்பணமும் வரும். அதை வங்கியில் போட்டாலே வட்டி வரும். அந்த வட்டியும் லாபக் கணக்கில் ஏறும். சும்மா கிடந்த பணம் ஈட்டிய வட்டிக்கு ஓர் அதிகாரிக்கு 'செயல்திறன்' ஊதியம் தருவது நியாயமா?

2013-லேயே இதைப் பற்றி அரசு ஒரு விளக்கம் கொடுத்தது. 2017 உத்தரவு இன்னும் தெளிவாகச் சொன்னது: முக்கியத் தொழிலிலிருந்து வந்த லாபம் மட்டுமே கணக்கு, வங்கியில் சும்மா கிடக்கும் பணத்தின் வட்டி சேராது. இந்த விதியை மீறிப் பணம் கொடுத்ததாகப் பல நிறுவனங்கள் மீது மத்திய தணிக்கைத் துறையான சிஏஜி ஆட்சேபணை எழுப்பியிருக்கிறது.

200-ஐ 150 ஆக்கியது தலைப்புச் செய்திக்கு ஏற்ற மாற்றம். ஆனால் ரொக்கம் நிறைய வைத்திருக்கும் நிறுவனத்தில் 'வட்டி சேராது' என்ற ஒரு வரி அதைவிடப் பெரிய வெட்டாக இருக்கலாம். உச்சவரம்பைக் குறைத்தால் மேலே இருக்கும் சிலரை மட்டும் பாதிக்கும். லாபத்தின் வரையறையை மாற்றினால் பை முழுசும் சுருங்கும்.

இரண்டாம் கதவு: மதிப்பெண்

ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் தன் அமைச்சகத்தோடு வருடா வருடம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறது. அர்ஜுன் சென்குப்தா குழுவின் 1984 அறிக்கைக்குப் பிறகு எண்பதுகளில் தொடங்கிய முறை இது. இவ்வளவு விற்பனை, இவ்வளவு லாபம் என்று இலக்குகள். வருட முடிவில் மதிப்பீடு. 2017 விதிப்படி 'மிகச் சிறப்பு' என்றால் அந்தப் பங்கில் 100 சதவீதம். அடுத்தடுத்த படிகளுக்கு 75, 50, 25. 'மோசம்' என்றால் பூஜ்யம். முந்தைய விதியில் இந்தப் படிகள் 80, 60, 40 என்று இருந்தன. சுமாராகச் செயல்பட்டாலும் கிடைத்த தொகை இப்போது குறைந்திருக்கிறது.

ஆலை, பிரிவு என்று இயங்கும் நிறுவனங்களில் ஓர் அதிகாரியின் பிஆர்பி-யில் நிறுவனத்தின் செயல்பாட்டுக்கு 50 சதவீதம், அவருடைய அணிக்கு 30, தனிப்பட்ட செயல்பாட்டுக்கு 20 என்ற எடை. உங்கள் எச்.ஆர். மெயிலில் வந்த அதே சமையல்தான், அளவு மட்டும் வேறு. முன்பு பத்து சதவீதம் பேரைக் கட்டாயமாக 'தேறாதவர்' பட்டியலில் தள்ள வேண்டும் என்றிருந்தது. 2017-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது.

இதில் ஒரு பலவீனம் உண்டு. இலக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற பேச்சுவார்த்தையில் நிறுவனமும் ஒரு தரப்பு. இலக்கு எளிதாக இருந்தால் 'மிகச் சிறப்பு' எளிது. வகுப்பில் எல்லாரும் சென்டம் எடுத்தால் கேள்வித்தாளைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கணும்.

இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறார்கள்: சுயேச்சை இயக்குநர் ஒருவர் தலைமையில் ஊதியக் குழு இருந்தால்தான் பிஆர்பி தரலாம்.

இப்போ கீழே வருவோம்

ஸ்டேஷனுக்குக் கீழே ஓசூர் ரோட்டில் நடந்துபோன அந்தப் பெண்கள் நினைவிருக்கிறதா? அவர்களுக்கும் போனஸ் உண்டு. அதற்கும் உச்சவரம்பு உண்டு.

1965-ல் வந்த போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்றது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே 8.33-ஐயும் 20-ஐயும் வைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: சிஎம்டி-க்கு அடிப்படைச் சம்பளத்தில் 150 சதவீதம் வரை, தொழிலாளிக்கு 20 சதவீதம் வரை.

அதைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. மேலே இருப்பவரின் வரம்பு சதவீதத்தில் இருக்கிறது. கீழே இருப்பவரின் வரம்பு, அந்தச் சதவீதத்தோடு ரூபாயிலும் பூட்டப்பட்டிருக்கிறது. 2015-ல் செய்த திருத்தப்படி, மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சட்டப்படி போனஸ் உரிமை இல்லை. உரிமை இருந்தாலும், கணக்கு முழுச் சம்பளத்தில் இல்லை. 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதில்தான். இந்த 7,000 என்ற எண் 2014 ஏப்ரல் 1 முதல் கணக்கில் எடுக்கப்பட்டது.

மாதக் கூலி 12,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொண்டால், குறைந்தபட்ச போனஸ் வருடத்துக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய். அதிகபட்சம் 28,800 ரூபாய்.

அரசின் சொந்த ஊழியர்கள் பக்கம் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2025-ல் ரயில்வே ஊழியர்களுக்கு '78 நாள் சம்பளம் போனஸ்' என்று அறிவித்தார்கள். கேட்க இரண்டரை மாதச் சம்பளம் மாதிரி இருக்கிறது. சுமார் 10.91 லட்சம் பேருக்கு 1,865.68 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஏறத்தாழ 17,100 ரூபாய். ஏன் இவ்வளவு குறைவு? ரயில்வேயின் கடைநிலை ஊழியருக்கே அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். ஆனால் 78 நாள் கணக்கு 7,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் போடப்படுகிறது. அதனால் அதிகபட்சம் 17,951 ரூபாய். உண்மையான 18,000-த்தில் போட்டிருந்தால் 46,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும்.

சதவீதத்தில் போட்ட வரம்பு சம்பளத்தோடு தானாக ஏறும். ரூபாயில் போட்ட வரம்பு, யாராவது ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போடும் வரை அதே இடத்தில் நிற்கும். 2007-க்கும் 2017-க்கும் நடுவில் சிஎம்டி-யின் வரம்பு எப்படி நகர்ந்தது என்று பார்த்தோம். அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் மேலே ரொம்ப இறுக்கினால் ஆள் கிடைப்பார்களா?

நியாயமான கேள்வி. 2022-23-ல் நாட்டின் மிகப் பெரிய வங்கியான எஸ்பிஐ-யின் தலைவர் வாங்கிய மொத்த ஊதியம் சுமார் 37 லட்சம் ரூபாய். அதே ஆண்டு எச்டிஎஃப்சி வங்கியின் மேலாண் இயக்குநர் வாங்கியது சுமார் 10.55 கோடி. கிட்டத்தட்ட 28 மடங்கு. எலெக்ட்ரானிக் சிட்டியில் அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்டின் சம்பளம் எஸ்பிஐ தலைவரைவிட அதிகமாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2016 ஆகஸ்ட்டில், ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பொதுத்துறை கீழ்மட்டத்துக்குச் சந்தையைவிட அதிகம் கொடுக்கிறது, மேல்மட்டத்துக்குக் குறைவாகக் கொடுக்கிறது, அதனால் வெளியிலிருந்து திறமையான ஆட்களை மேல்மட்டத்துக்குக் கொண்டுவருவது கஷ்டமாகிறது என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தின் வழியில்தான் 2024 நவம்பரில் நிதிச் சேவைகள் துறை, பொதுத்துறை வங்கிகளின் முழுநேர இயக்குநர்களுக்கும், நான்காம் ஸ்கேல் முதல் மேலே உள்ள அதிகாரிகளுக்கும் புதிய ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? வங்கி ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு 2025 மார்ச் 24, 25 தேதிகளில் வேலைநிறுத்தம் அறிவித்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைநிறுத்தம் தள்ளிவைக்கப்பட்டது.

கோபம் ஏன்? 2020 ஒப்பந்தப்படி ஊழியர்களுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் ஊக்கத்தொகை வங்கியின் செயல்பாட்டு லாப வளர்ச்சியைப் பொறுத்து 5, 10 அல்லது 15 நாள் சம்பளம். மேலே இருப்பவர்களுக்கோ வருடச் சம்பளத்தின் சதவீதத்தில் கணக்கு. கீழே நாள், மேலே சதவீதம். மறுபடியும் அதே கதைதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

பிரான்ஸ் 2012-ல் நேரடி வழியை எடுத்தது. அரசின் பெரும்பான்மைப் பங்கு உள்ள நிறுவனங்களின் தலைவர்களுக்கு வருடத்துக்கு 4,50,000 யூரோ. அதற்கு மேல் கிடையாது. சம்பளம், போனஸ் எல்லாம் சேர்த்து ரூபாய் மாதிரியான, அதாவது தொகையில் போட்ட, வரம்பு.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் வங்கியாளர்களின் போனஸை நிலையான சம்பளத்துக்குச் சமமாக, பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு மடங்காக, கட்டுப்படுத்தியது. அரசு நிறுவனங்களுக்கு மட்டுமான விதி அல்ல என்றாலும், அதில் ஒரு பாடம் இருக்கிறது. வங்கிகள் பல 'பொறுப்புப் படி' என்ற பெயரில் நிலையான பகுதியை உயர்த்திவிட்டன. போனஸுக்குப் போட்ட வரம்பு சம்பளத்தை ஊதவைத்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 2023 அக்டோபரில் அந்த வரம்பையே எடுத்துவிட்டது.

நம் ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் தனியார் வங்கித் தலைவர்களுக்கு வேறு மாதிரி யோசித்தது. வேரியபிள் பகுதி நிலையான சம்பளத்தில் 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதில் குறைந்தது 60 சதவீதத்தை உடனே தராமல், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் தள்ளிவைத்துத் தரணும். நடுவில் முறைகேடு வெளிவந்தால் கொடுத்ததையும் திரும்ப வாங்கலாம். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம் என்று சொன்ன விதி அது. ஒரு விமானமோ மெட்ரோ பெட்டியோ செய்ய வருடக்கணக்காகும் தொழிலில், ஒரே வருட லாபத்தை வைத்து போனஸ் போடுவது சரியா என்று யோசிக்க இது நல்ல ஒப்பீடு.

நாம் பார்க்க முடியாத எண்

கடைசியாக, டேட்டா பக்கத்திலிருந்து ஒரு மனக்குறை.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197-ன்படி, பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் தன் ஒவ்வொரு இயக்குநரின் ஊதியம், நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிடணும். உங்கள் ஐடி கம்பெனி லிஸ்ட் ஆகியிருந்தால், அதன் ஆண்டறிக்கையில் இந்த எண் இருக்கும். இன்றைக்கே தேடிப் பாருங்கள். நிர்வாகிகளின் மொத்த ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என்ற வரம்பும் அதே பிரிவில்தான்.

ஆனால் 2015 ஜூன் 5-ல் வந்த அறிவிக்கை அரசு நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. ஊதிய வரம்பை அரசே நிர்ணயிக்கிறது என்பதால் 11 சதவீத விதி தேவையில்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மடங்குக் கணக்கும் அதோடு சேர்ந்து போய்விட்டது. லிஸ்ட் ஆன அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இயக்குநர்கள் வாங்கிய தொகை தெரியும். நடுநிலை ஊழியரோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்பதை அவர்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தனியார் நிறுவனம் தன் முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டிய ஓர் எண்ணை, மக்களின் நிறுவனம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது இப்போது ஏன் முக்கியம்?

பொதுத்துறை நிறுவனங்களின் ஊதியம் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. 2007, 2017. அந்த வழக்கப்படி அடுத்தது 2027 ஜனவரி. மத்திய அரசு ஊழியர்களுக்காக நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு ஏற்கெனவே அமைக்கப்பட்டுவிட்டது. இப்போதுள்ள போனஸ் திட்டங்களை ஆராய்வதும் அதன் வேலைகளில் ஒன்று. அதன் பகுதிநேர உறுப்பினர் புலக் கோஷ், பொம்மனஹள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐஐஎம் பெங்களூருவின் பேராசிரியர்.

அடுத்த உத்தரவு வரும்போது தலைப்புச் செய்தி 'சிஎம்டி போனஸ் 150-லிருந்து இவ்வளவாக மாற்றம்' என்றுதான் இருக்கும். நீங்கள் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று: சதவீதம் என்ன என்பதை விட, புதிய அடிப்படைச் சம்பளத்தில் அது எத்தனை ரூபாய்? விலைவாசியோடு ஒப்பிட்டால் கூடியதா, குறைந்ததா?

இரண்டு: லாபத்தின் வரையறை மாறியிருக்கிறதா? சும்மா கிடக்கும் பணத்தின் வட்டி பின்வாசல் வழியாக உள்ளே வருகிறதா?

மூன்று: போனஸில் ஒரு பகுதியைத் தள்ளிவைத்துத் தரும் ஏற்பாடு, தவறு நடந்தால் திரும்ப வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா?

நான்கு: மேலே வரம்பைத் திருத்தும் அதே நேரத்தில், கீழே அந்த 7,000 ரூபாயையும் யாராவது திருத்துகிறார்களா?

முதல் மூன்றும் உயரதிகாரிகளின் போனஸைப் பற்றியவை. நான்காவது அப்படித் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் மேலே எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்ற கேள்விக்கு, கீழே எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. உங்கள் 82 சதவீத மெயில் வந்த அதே காலையில், பிளாட்பாரத்துக்குக் கீழே நடந்துபோனவர்களுக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. அது ரூபாயில் எழுதப்பட்டிருந்தது.